ஒரு வாரிசைக் காணோம்

மாந்துவா, 1575 அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி விதாலே எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏரிப் பனி இறங்கத் தொடங்கிவிட்டதால் தொண்டை கொஞ்சம் கரகரக்கிறது, அவ்வளவுதான். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் எழுதி எட்டு மாதம் ஆகிறது. திட்டிக்கொள். ஆனால் பதில் போடு.

எங்கள் குழுவில் சட்டப் பண்டிதராக நடித்த கிழவருக்குக் குரல் போய்விட்டது. அவர் ஊரோடு போய்விட்டார். குழுத் தலைவர் ஃபுல்வியோ அந்த முகமூடியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். மூக்கையும் நெற்றியையும் மட்டும் மூடும் கறுப்புத் தோல். நான் மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நீ பொலோஞ்ஞாக்காரன். உங்கப்பா சட்டம் சொல்லிக் குடுக்கிறவரு. பொறந்ததுலேர்ந்து பண்டிதரைப் பார்த்துட்டே வளர்ந்தவன். உன்னை விட்டா இதை யாருடா போடுவா?" என்றார்.

எங்கள் நாடகத்தில் எழுதிவைத்த வசனம் கிடையாது என்று உனக்குத் தெரியும். யார் எப்போது உள்ளே வர வேண்டும், யார் யாரை யாரென்று தவறாக நினைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கும். பேச்செல்லாம் அவரவர் பொறுப்பு. காதலர்களுக்கு மனப்பாடக் கவிதை இருக்கிறது. வேலைக்காரனாக வரும் பெர்த்தோவுக்குக் கரணம் இருக்கிறது. பண்டிதருக்கு இருப்பது வாய் மட்டும்தான். மூன்று ஞாயிறாக நான் மேடையில் வாயைத் திறக்கிறேன், சனங்கள் கொட்டை உடைத்துத் தின்கிறார்கள். தவக்காலத்துக்கு முன் வரும் கார்னிவல் விழாவுக்குள் தேறாவிட்டால் திரை இழுக்கும் வேலைதான் என்று ஃபுல்வியோ சொல்லிவிட்டார்.

அதனால் ஒரு உதவி. அப்பா இப்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் எப்படிப் பேசுகிறார்? நாலு வாக்கியம் கேட்டு எழுதி அனுப்பு. எனக்கு என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.

குளிருக்கு முன் கம்பளிக் காலுறை வாங்கிக்கொள்.

உன் தம்பி
விதாலே

*

பொலோஞ்ஞா, 1575 நவம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

ஒர்சோலா எழுதுகிறேன். உன் கடிதத்தைச் சுமைக்கார மெங்கோ தன் கோவேறு கழுதையை வாசலில் நிறுத்திவிட்டுக் கொடுத்துப் போனான். நீ உயிரோடு இருப்பது தெரிந்து திட்ட மறந்துவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். அப்பா அவர் வயதுக்கு நன்றாகவே இருக்கிறார். இந்த ஆண்டு பாடம் எடுக்கவில்லை, வீட்டிலேயே இருக்கிறார்.

ஏழு வருடத்தில் நீ அப்பாவைப் பற்றிக் கேட்பது இதுதான் முதல் தடவை. அதனால் கேட்டதை எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "இந்தச் சூப்புல சாட்சி போதலை" என்றார். நான் விழித்தேன். இன்னும் உரக்க, "சாட்சி, சாட்சி, ஒரு சிட்டிகை" என்று விரலைத் தேய்த்துக் காட்டினார். உப்பைத்தான் கேட்கிறார். சனிக்கிழமை கதவு திறந்து கிடந்தது. "அந்த மேல்முறையீட்டைச் சாத்தும்மா, குளிருது" என்றார். பூனை பாலைக் குடித்துவிட்டது என்று சொல்ல, "பிரதிவாதி மறுபடியும் வந்துட்டுப் போயிட்டான்" என்றார். எல்லாம் முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல், நீதிபதிக்கு முன்னால் நிற்பது போல.

இது உனக்குப் பயன்படுமா தெரியவில்லை. எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் நான் சிரித்து வெகுநாளாகிறது.

வெந்நீரில் தேன் கலந்து குடி, தொண்டைக்கு நல்லது.

அக்கா
ஒர்சோலா

*

மாந்துவா, 1575 டிசம்பர் 9

என் அன்பான அக்காவுக்கு,

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். எனக்குத் தொண்டை சரியாகிவிட்டது. உன் தேன் வேலை செய்ததைவிட உன் கடிதம் அதிகமாக வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக் காட்சி. நான் சூப்பை ருசித்தேன், மெதுவாகக் கரண்டியை வைத்தேன், "சாட்சி போதலை" என்றேன். பெர்த்தோ இருக்கிறானே, அவன் கெட்டிக்காரன், உடனே வாசலுக்கு ஓடி இரண்டு பேரைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து சூப்புச் சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். "போதுமா எசமான், இல்ல இன்னும் ரெண்டு பேரைப் போடவா?" அவ்வளவுதான். முன் பெஞ்சில் ஒரு பெண் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி வெளியே போக வேண்டியதாயிற்று.

இதில் ஒரு சூட்சுமம் கற்றுக்கொண்டேன். தான் தவறாகச் சொன்னது பண்டிதருக்குத் தெரியவே கூடாது. தெரிந்து சொன்னால் அது வெறும் வேடிக்கைப் பேச்சு. தெரியாமல், தான் சொல்வது புரியாதவர்கள்தான் முட்டாள்கள் என்று நம்பிச் சொன்னால்தான் சனம் விழுந்து சிரிக்கிறது. ஒரே வார்த்தையை இரண்டு முறை சொல்ல வேண்டும், மூன்றாம் முறை கோபத்தோடு. மூன்றாவதில்தான் கொட்டகை இடியும்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கு விளையாட்டாகப் பேசவே தெரியாது என்று நினைத்திருந்தேன். நான் நாடகக் குழுவோடு போகிறேன் என்று சொன்ன அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். இப்போது இவ்வளவு நகைச்சுவையா? முதுமை அவரை இளக்கிவிட்டதா? சில சமயம் அவர் எனக்கென்றே இதையெல்லாம் சொல்கிறாரோ என்று தோன்றுகிறது. பைத்தியக்காரத்தனம்தான். இன்னும் அனுப்பு. நிறைய அனுப்பு.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு உங்கள் இருவருக்கும் என் வணக்கம். அப்பாவுக்கானதை மனதுக்குள்ளேயே சொல்லிவிடு.

விதாலே

*

பொலோஞ்ஞா, 1576 ஜனவரி 11

அன்புள்ள விதாலே,

சுகம். உன் சுகம் அறிந்து மகிழ்ச்சி. விழா நாளன்று அப்பா கொஞ்சம் வேக வைத்த கோழியும் மாதுளையும் சாப்பிட்டார். வலது கைக்கு ஓய்வு கொடுத்திருப்பதால் நான் ஊட்டினேன். மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போனார், வழக்கம் போலக் குளிர்கால வருகைதான்.

நீ கேட்டபடி: பங்குச் சாமியார் வந்திருந்தார். அப்பா அவர் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க தலையில இருக்கிற ஜாமீன் ரொம்ப நல்லா இருக்கு" என்றார். சாமியார் நன்றி சொன்னார். அப்பா என்னை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மனுதாரரே" என்கிறார். "மனுதாரரே, தண்ணி" என்கிறார். நானும் "இதோ வந்தேன்" என்று போகிறேன்.

நேற்றுக் காலை கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கால் இரண்டையும் நீட்டி, "என் வாரிசு ரெண்டையும் கொண்டா" என்றார். காலுறையைக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்று கட்டிலுக்கு அடியில் போயிருக்க வேண்டும். அவர் குனிந்து தேடிக்கொண்டே, "ஒரு வாரிசைக் காணோம். ஒரு வாரிசைக் காணோமே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். நீ நிறைய கேட்டாய் என்பதால் எழுதிவிட்டேன்.

வெளியில் அலையும்போது கழுத்தை மூடிக்கொள்.

ஒர்சோலா

*

மாந்துவா, 1576 பிப்ரவரி 24

அன்பு அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, தூக்கம்தான் இல்லை. கார்னிவல் முடிய இன்னும் பத்து நாள். தினமும் ஆட்டம், சில நாள் மதியத்தில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அரண்மனை முற்றத்திலும் ஆடினோம். பூசணிக்காய்ப் பூரணம் வைத்த தோர்த்தெல்லி தட்டுத் தட்டாக வந்தது.

தெருவில் யாரும் என்னை விதாலே என்று கூப்பிடுவதில்லை. "பண்டிதரே" என்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரன் வருகிறவர்களையெல்லாம் "மனுதாரரே" என்கிறான். காலுறை வரியை மட்டும் நான் ஒரு வாரம் தொடவில்லை. அது எனக்குள் என்னவோ செய்தது. பிறகு ஒருநாள் மேடையில் வேறு பேச்சு வராமல் அதுவே வாயில் வந்துவிட்டது. "ஒரு வாரிசைக் காணோம்" என்று ஒரு கால் செருப்பும் ஒரு வெறுங்காலுமாக மேடை முழுக்க நொண்டினேன். பெர்த்தோ எனக்குப் பின்னால் அதேபோல் நொண்டினான். இப்போது ஊரில் அதுதான் பெரிய வரி. அது இல்லாமல் இறங்க விடுவதில்லை.

இன்னும் நுணுக்கமாகச் செய்ய ஆசை. வார்த்தை வராதபோது அப்பா கையை எங்கே வைத்துக்கொள்கிறார்? தாடையைத் தொடுவாரா, மேலே பார்ப்பாரா? பேச்சு கிடைத்துவிட்டது, உடம்பு கிடைக்கவில்லை.

பெரிய செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு பொலோஞ்ஞாவில் ஆட ஃபுல்வியோ அனுமதி கேட்டிருக்கிறார். மே மாதத்தில் வருவோம். நீ அப்பாவை அழைத்து வர வேண்டும். நான் யாரென்று முதலில் சொல்லாதே. அவர் பேச்சையே அவர் கேட்கட்டும். ஏழு வருஷம் கழித்தும் அவர் சொல்வதையெல்லாம் ஒருவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான் என்று அவருக்கு அப்போது புரியும். அதற்குப் பிறகு எழுந்து போனாலும் சரி.

இரண்டு பேரும் நலமாக இருங்கள்.

விதாலே

*

பொலோஞ்ஞா, 1576 மார்ச் 13

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

இங்கே ஆட வர வேண்டாம் என்று ஃபுல்வியோவிடம் சொல். அப்பாவுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. காரணம் கேட்காதே.

இந்த முறை எழுத வேறு எதுவும் இல்லை.

ஒர்சோலா

*

மாந்துவா, 1576 மார்ச் 30

அக்காவுக்கு,

நலம்தான். தவக்காலமானதால் மேடை பூட்டிக் கிடக்கிறது, மீனும் கீரையுமாக ஓடுகிறது. நீங்கள் இருவரும் நலமா என்று கேட்கிறேன், இந்த முறை எனக்குப் பதில் கிடைக்குமா என்று தெரியவில்லை.

நாலு வரி எழுதியிருக்கிறாய். நான்கு மாதம் எனக்குச் சிரிப்பை அனுப்பிவிட்டு, நேரில் வருகிறேன் என்றதும் கதவைச் சாத்துகிறாய். எனக்குப் புரியாமல் இல்லை. மாந்துவாவில் தம்பி கூத்தாடலாம், உன் தெரு முனையில் ஆடக்கூடாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கோயிலில் உன்னைப் பார்த்துக் கிசுகிசுப்பார்கள். அப்பா இதைச் சொன்னபோது எனக்கு வலித்தது. நீ சொல்லும்போது அதைவிட வலிக்கிறது.

இன்னொன்று. கார்னிவலின் கடைசி நாள் ஆட்டம் முடிந்து முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பொலோஞ்ஞாவிலிருந்து வந்த பட்டு வியாபாரி ஒருவர் திரைக்குப் பின்னால் வந்தார். நம் தேவாலயத்துக்கு வருகிறவராம், எனக்கு ஞாபகமில்லை. எல்லோரும் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நீங்க அன்செல்மோ ஐயாவோட பையனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியே செய்றீங்க தம்பி. கொஞ்சம் அதிகமாவே அப்படியே இருக்கு" என்றார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் எதுவும் சரியாகப் படவில்லை.

அவர் ஏன் அப்படிப் பார்த்தார் அக்கா?

விதாலே

*

பொலோஞ்ஞா, 1576 ஏப்ரல் 12

என் அன்புத் தம்பி விதாலே,

நீ நலமாக இருக்க வேண்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா நலமாக இல்லை. முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும்.

போன ஆகஸ்டில், விடுமுறைக்கு முந்தைய கடைசிப் பாடம். உயில்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நடுவில் ஒரு வாக்கியம் தடுமாறியிருக்கிறது. "இறந்தவரின் சூப்பு" என்று சொன்னாராம். மாணவர்கள் முதலில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அவர் திருத்தப் பார்த்திருக்கிறார், மறுபடியும் சூப்பு என்றே வந்திருக்கிறது. மூன்றாம் முறை கோபத்தோடு மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறார். அப்போது வகுப்பே சிரித்திருக்கிறது. ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர்கள் தன்னை அவமதிக்கிறார்கள் என்று நினைத்து இறங்கி வந்திருக்கிறார். படியில் விழுந்துவிட்டார். இரண்டு பேர் தூக்கி வந்து வாசலில் விட்டார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை தொங்கியது.

மருத்துவர் இரத்தம் எடுத்தார். நடக்க வந்தது. வார்த்தை மட்டும் திரும்பி வரவில்லை. அவருக்கு உப்பு என்ன என்று தெரியும், அந்தப் பெயர்தான் கிடைப்பதில்லை. தேடிப் பார்ப்பார், நாற்பது வருஷம் சொல்லிக் கொடுத்த ஏதாவது ஒன்று கைக்கு வரும், அதைக் கொடுப்பார். நமக்குப் புரியாவிட்டால் கண் கலங்கும். நீ கையைப் பற்றிக் கேட்டாயே. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொள்வார், தொலைந்த வார்த்தையை அதற்குள் வைத்திருப்பது போல.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். ஏழு வருஷம் நீ அப்பாவைப் பற்றி ஒரு வரி கேட்டதில்லை. திடீரென்று எப்படிப் பேசுகிறார் என்று கேட்டாய். உண்மையை எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். வேடிக்கையாக எழுதினால் ஒரு பக்கம் எழுதலாம், நீ பதில் போடுவாய், மறுபடியும் கேட்பாய். எனக்கும் அந்த ஒரு மணி நேரம் அது நோயாக இருக்காது. நீ கெட்டவன் இல்லை. உனக்குத் தெரியாது. தெரிந்தவள் நான்தான்.

பட்டு வியாபாரி இங்கே வந்து சொன்னார். கொட்டகையே சிரித்தது, நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன் என்றார். அதனால்தான் வராதே என்று எழுதினேன். வெட்கப்பட்டு எழுதவில்லை.

இப்போது வார்த்தைகள் குறைந்துகொண்டே வருகின்றன. மார்ச் மாதத்துக்குப் பிறகு மனுதாரர் என்பதுகூட இல்லை. கோடைக்குள் முடிந்துவிடும் என்று மருத்துவர் நேரடியாகவே சொல்லிவிட்டார். நீ வருவதானால் தனியாக வா. குழு வேண்டாம். சீக்கிரம் வா.

வழியில் பத்திரம்.

அக்கா
ஒர்சோலா

*

மாந்துவா, 1576 மே 7

அக்கா,

எனக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. அது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. அப்பா எப்படி இருக்கிறார்? இந்தக் கடிதம் வரும்போது இருக்கிறாரா?

உன் கடிதம் உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நண்பகலில் கிடைத்தது. அன்று பிற்பகல் ஆட்டம். வாசித்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஃபுல்வியோ வாங்கி வாசித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. "இன்னிக்கு மட்டும் ஆடிட்டு நாளைக்கு விடிஞ்சதும் கிளம்பு. அரண்மனைலேர்ந்து வந்து உக்காந்திருக்காங்க. என்னால அவங்களை எழுப்பி அனுப்ப முடியாதுடா" என்றார். நான் சரி என்றேன். அந்த ஒரு சரிதான்.

அன்று வேறு விதமாகப் பேசுவது என்று முடிவு செய்துகொண்டு ஏறினேன். நல்ல தெளிவான சட்டம், சின்ன வயதில் அப்பா அறையில் நடந்துகொண்டே சொன்னது. உப்பை உப்பு என்றேன். கதவைக் கதவு என்றேன். சனங்கள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து கத்த ஆரம்பித்தார்கள். நான் வரியை மறந்துவிட்டேன் என்று பெர்த்தோ நினைத்துக்கொண்டான், பாவம். என்னைக் காப்பாற்ற வந்தான். என் காலில் ஒரு செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டு, மேடையின் அந்தக் கோடியில் நின்று, "எசமான், என்னமோ தேடுறீங்களே, என்ன காணோம்?" என்றான். கொட்டகை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

நான் சொன்னேன் அக்கா. வாயைத் திறந்து அதையே சொன்னேன். குரல் உடைந்தது, முகமூடிக்குக் கீழே கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. நான் இதுவரை செய்ததிலேயே அதுதான் சிறந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அழுகையைப் புதிதாகச் சேர்த்திருக்கிறேன் என்று நினைத்தார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் தெற்குக் கோட்டை வாசலுக்குப் போனேன். கதவு இறங்கியிருந்தது. நகரில் ஏழு வீடுகளில் கொள்ளைநோய் கண்டிருப்பதாக முந்தின சாயங்காலம்தான் அறிவித்திருக்கிறார்கள். நோயில்லை என்ற சீட்டு இல்லாமல் யாரும் வெளியேற முடியாது, சீட்டு கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். காவலர்கள் நாலு பேர் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் முகம் மலர்ந்தது. "டேய், பண்டிதர்டா" என்றான்.

எங்கள் அப்பா சாகக் கிடக்கிறார், பொலோஞ்ஞா போக வேண்டும் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்கு வாய் பேச வரவில்லை என்றேன். இன்னும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்து கத்தினேன், மூன்றாம் முறை. ஒருவன் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். முழங்காலிட்டேன். என் முகம் அவர்களுக்குத் தெரிகிறது, அதில் முகமூடி இல்லை, மை இல்லை, ஆனால் அவர்கள் பார்த்தது வேறு. கடைசியில் வயதான ஒருவர்தான் என் தோளைத் தொட்டு, "இவரு நெஜமாத்தான் சொல்றாருப்பா" என்றார். அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பெரியவரும் கதவைத் திறக்கவில்லை. "என் கையில இல்லை தம்பி. என் மக வீடு அந்தப் பக்கம்தான் இருக்கு, நானே போக முடியலை" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். வேறு வழி பார்க்கிறேன். எப்படியாவது வருவேன் என்று அப்பாவிடம் சொல்.

உன்னையும் பார்த்துக்கொள்.

விதாலே

*

போ ஆற்றங்கரை, தனிமைக் குடிசைகள், 1576 ஜூன் 10

அன்பு அக்காவுக்கு,

இது உன்னிடம் வந்து சேருமா என்று தெரியவில்லை. கடிதங்களைப் புகை காட்டி, வினிகரில் நனைத்து அனுப்புகிறார்கள். எழுத்து கலைந்திருந்தால் மன்னித்துக்கொள். இதுவரை எனக்குக் காய்ச்சல் இல்லை. உன்னிடமிருந்து பதிலும் இல்லை. நீ எழுதியிருப்பாய், அது மாந்துவாவில் ஏதோ ஒரு பெட்டியில் கிடக்கும்.

மே கடைசியில் ஒரு மீனவன் ஏரி வழியாக என்னை வெளியே கொண்டுவந்தான். ஆற்றைக் கடந்துவிட்டேன். அந்தக் கரையில் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது நாள் இங்கேயே இருக்க வேண்டும், யாராவது ஒருவருக்குக் கொள்ளைநோய்க் கட்டி வந்தால் அந்தக் குடிசை வரிசைக்கே நாற்பது நாள் மறுபடியும் முதலிலிருந்து. ஏற்கெனவே ஒருமுறை முதலிலிருந்து தொடங்கியாயிற்று. பெர்த்தோ இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ஃபுல்வியோ எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

பக்கத்துக் குடிசையில் கயிறு திரிக்கிறவரின் மனைவி இருக்கிறாள். நேற்றுக் காலையில்தான் அவள் புருஷனை எடுத்துப் போனார்கள். மதியம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். "நீங்கதானே அந்தப் பண்டிதரு? இவரு காய்ச்சல்ல கெடந்தப்பவும் உங்க வரியைச் சொல்லித்தான் சிரிச்சாரு." அதற்கு என்ன பதில் சொல்வது அக்கா? நன்றி என்று சொல்ல முடியவில்லை. அது என்னுடையது இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

கீழே இருப்பது அப்பாவுக்கு. அவருக்கு வாசித்துக் காட்டு.

'அப்பா, விதாலே எழுதுகிறேன். உங்கள் வார்த்தைகளை நான் எடுத்து மேடையில் வைத்தேன். தெரியாமல் எடுத்தேன். தெரிந்த பிறகும் ஒரு முறை எடுத்தேன், அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் அன்று என்னைப் போகாதே என்று சொன்னது சரி என்று நான் எழுதவில்லை. எனக்கு இந்தத் தொழில் பிடித்திருந்தது. ஆனால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கேட்பது எதுவென்று கண்டுபிடித்து எடுத்துக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். நாற்பது நாளில் வருகிறேன். அதுவரை இருங்கள்.'

அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.

விதாலே

*

பொலோஞ்ஞா, 1576 ஜூலை 18

என் அன்புத் தம்பிக்கு,

நீ உயிரோடும் நலத்தோடும் இருக்க வேண்டும் என்ற ஒரே வேண்டுதலோடு எழுதுகிறேன். என் உடம்புக்குக் குறைவில்லை.

உன் கடிதம் ஜூலை 13ஆம் தேதி வந்தது. அப்பா ஜூலை 2ஆம் தேதி போய்விட்டார்.

இதற்கு முன் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் உன் கடிதம் சரியான நேரத்தில் வந்துவிட்டது. நான் வாசித்தேன், அவர் கேட்டார், என் கையை அழுத்தினார், முகம் தெளிந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தேன், எனக்கு இட்டுக்கட்டுவது கைவந்துவிட்டது. முத்திரையும் வைத்துவிட்டேன். பிறகு கிழித்துவிட்டேன். உனக்குப் போதுமான அளவுக்கு எழுதிவிட்டேன் அப்படி.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் நடுவிலிருந்தே வார்த்தை முற்றிலும் நின்றுவிட்டது. வலி இருந்ததாகத் தெரியவில்லை. வாயில் ஈரத் துணி வைத்தால் உறிஞ்சுவார். அடக்கத்துக்குச் சட்டப் பள்ளியிலிருந்து நீண்ட அங்கிகளோடு ஒன்பது பேர் வந்தார்கள். அன்று வகுப்பில் சிரித்த பிள்ளைகளில் ஒருவனும் வந்து சுவரோரமாக நின்றிருந்தான்.

அப்பா உன்னைத் தேடினாரா என்று கேட்பாய். எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். ஜூன் 24, யோவான் திருநாளன்று காலையிலிருந்து எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் வரவில்லை, ஆனால் கேட்டார். இடது கையை நீட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. நான் தண்ணீர் கொடுத்தேன். தள்ளிவிட்டார். போர்வையைக் கொடுத்தேன், எடுத்தேன். சிறுநீர்ச் சட்டி வைத்தேன். ஜெபமாலையைக் கையில் வைத்தேன். அம்மாவின் சீப்பை எடுத்து வந்தேன். அவர் எழுதிய புத்தகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். உன் பெயரையும் சொன்னேன். விதாலேவா அப்பா, விதாலே வேணுமா என்று கேட்டேன். அதற்கும் கையை நீட்டியபடியேதான் இருந்தார். ஜன்னலைத் திறந்தேன். சாயங்காலம் வரை வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டிவிட்டேன். பிறகு அவர் கையை இறக்கிக்கொண்டார்.

கிடைத்துவிட்டதா, களைத்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டது நீயாக இருக்கலாம். காற்றாகவும் இருக்கலாம்.

கதவுகள் திறந்ததும் வா. அவசரப்பட்டு ஆற்றைக் கடக்காதே, இனி அவசரம் இல்லை. கிடைப்பதைச் சாப்பிடு. கொதிக்க வைக்காத தண்ணீர் குடிக்காதே.

உன் அக்கா
ஒர்சோலா